கேட்டு வாங்குகிற அம்மா

அந்த அம்மா எங்களிடம் முதன்முதலில் கேட்டது ஒரு சிலேட்டுக் குச்சி. கேட்டது எங்கள் பள்ளிக்கூடத்து ராமாயியிடம். ராமாயி தன் குச்சியைப் பாவாடை முனையில் முடிந்து வைத்திருப்பாள். மாஸ்டர் எழுதச் சொன்னால்கூட யோசித்துத்தான் அவிழ்ப்பாள். அவளிடம் போய்க் குனிந்து, "பிள்ளை, உன்ரை குச்சியை எனக்கு ஒருக்காத் தாறியோ?" என்று கேட்டார்.

ராமாயி மேலும் கீழும் பார்த்தாள். "உங்க வூட்டுல இல்லீங்களா?"

"இல்லை."

"டிஸ்பென்சரியில?"

"அங்கை மருந்துதான் கிடக்கு."

ராமாயி குச்சியைப் பல்லால் கடித்து இரண்டாக்கி, சின்னத் துண்டைக் கொடுத்தாள். அந்த அம்மா அதை வாங்கி நாள் முழுவதும் எழுதினார். சாயங்காலம் போகும்போது நினைவாகத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது பெரிய துண்டையும் பார்த்து, "நாளைக்கு அதைத் தா" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ராமாயி மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே, பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் மலையில் இருந்தது. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுக்க ஒரு டிஸ்பென்சரி ஐயா இருந்தார். பெரிய நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புவார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மனைவிதான் இந்த அம்மா. கிளாக்கர் வீட்டம்மா, டீமேக்கர் வீட்டம்மா என்பது போல இவர் டிஸ்பென்சரி அம்மா. சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. பிள்ளையில்லாதவர் என்பது மட்டும் தெரியும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அந்த மாதிரிச் செய்தி நிற்காமல் நடக்கும்.

உத்தியோகத்தர் வீட்டுப் பெண்கள் லயத்துப் பக்கம் வரமாட்டார்கள். வழியில் எதிர்ப்பட்டால் எங்கள் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு தண்ணீர் ஓடுகிற கானோரம் ஒதுங்கி நிற்பார்கள். அவர்களிடமிருந்து எங்களுக்கு வருவது இரண்டு. ஒன்று அதட்டல். மற்றது தீபாவளிக்குப் பழைய துணி. அவர்கள் எங்களிடம் எதையாவது கேட்டு வாங்கி யாரும் பார்த்ததில்லை. வேலை வாங்குவார்கள், அது வேறு.

பள்ளிக்கூடம் என்பது ஒரு நீளமான தகரக் கூரைக் கட்டடம். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. முன்பு அதில் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் தரையிலிருந்து இன்னமும் உர வாடை எழும்பும். ஐந்து வகுப்புக்கும் மாஸ்டர் ஒருவர்தான். பெரிய வகுப்புக்குக் கணக்குப் போடும்போது சின்ன வகுப்பு சண்டை போடும். சின்ன வகுப்பை அடக்கினால் பெரிய வகுப்பு தூங்கும். ஒரு நாள் அந்த அம்மா குடையோடு வந்து சுவருக்கு வெளியே நின்று, "உள்ளுக்கு வந்து ஒரு மூலையிலை இருக்கலாமோ மாஸ்டர்?" என்று கேட்டார். மழையில் வீட்டில் தனியே இருக்க முடியவில்லை என்றாராம். மாஸ்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சின்ன வகுப்புப் பாயில் போய் உட்கார்ந்தார். அப்படித்தான் தொடங்கியது. சம்பளம் கிடையாது, உத்தரவு கிடையாது. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார்.

அவர் பாடம் சொல்லிக் கொடுத்தது எனக்கு அவ்வளவு ஞாபகமில்லை. கேட்டதுதான் ஞாபகம். வந்ததிலிருந்து போகிறவரை யாரிடமாவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் வருகிற பிள்ளையிடம், அதை எப்படி மடிப்பது என்று கேட்டுத் தானும் போட்டுப் பார்ப்பார். மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடிக்கப் போனால், எந்தப் பக்கம் கை வைத்தால் சேலை நனையாது என்று கேட்பார். ஒரு முறை அவர் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. முகம் வெளுத்துப் போய், "ஆரும் இதை எடுத்து விடுங்கோ" என்று காலை நீட்டிவிட்டார். ராமாயி விரலில் எச்சில் தொட்டுப் பிடுங்கிச் சுவருக்கு வெளியே எறிந்தாள்.

"இதுக்கா பயப்படுறீங்க? நாளைக்கு சவர்க்காரத்தைக் காலுல பூசிக்கிட்டு வாங்க."

மறுநாள் இரண்டு காலிலும் சவர்க்காரம் காய்ந்து வெள்ளையாக இருக்க வந்து நின்றார். ராமாயி குனிந்து பார்த்து, "விரலிடுக்குல பூசல" என்று திருப்பி அனுப்பப் பார்த்தாள்.

இடைவேளையில் நாங்கள் ரொட்டியைச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுதான் தின்போம். கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். சில நாள் சம்பல் இருக்கும், ரொட்டி அரைதான் இருக்கும். மாஸ்டர் பார்த்தால் வெட்கம். நான் இயல்பிலேயே கூச்சப்படுகிறவன். எல்லாரும் தின்று முடித்த பிறகுதான் மடியிலிருந்து எடுப்பேன். ஒரு நாள் எனக்குப் பின்னால் வந்து, "அந்தச் சம்பலிலை ஒரு கிள்ளுத் தா" என்றார். ரொட்டியோடு கையை நீட்டினேன். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மூக்கைச் சேலையால் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுநாள் ஒரு பனங்கட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தார். "கொம்மாவிட்டைக் குடு. சம்பலுக்கு" என்றார். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்புவதற்கு யாருக்கும் நேரமில்லை. அந்த அம்மா இன்று யார் சம்பலைக் கேட்பார் என்று எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம்.

கிளித்தட்டு விளையாட்டிலும் கேட்டுத்தான் சேர்ந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "உங்கடை தோட்டத்துச் சட்டம் என்ன, சொல்லுங்கோ" என்பார். சொன்ன சட்டத்தை மறந்து முதல் கோட்டிலேயே அகப்பட்டுக்கொள்வார். அகப்பட்டவர் வெளியே போய் நிற்க வேண்டும். நிற்பார், கைகட்டிக்கொண்டு நிற்பார். மாஸ்டர் அதைப் பார்க்காத மாதிரி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கிளாக்கர் வீட்டம்மா இதைப் பற்றிப் பேசியதாகச் சொன்னார்கள். கூலிப் பிள்ளைகளிடம் கைநீட்டித் தின்கிறாள், ஆளுக்கு மானமில்லை என்றாராம். அந்தப் பேச்சு லயம்வரை வந்தது. அவருக்கும் போயிருக்கும். நீட்டுகிற கை மட்டும் மடங்கவில்லை.

ஆனால் கேட்கக் கூடாத ஒன்றையும் அவர் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

அன்று நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. பனி உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு இடையில் நின்றது. சிலேட்டில் எழுத்துத் தெரியவில்லை. மாஸ்டர் எல்லாரையும் ஒன்றாக நெருங்கி உட்காரச் சொன்னார். அந்த அம்மா நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக, "உன்ரை ஊர் எது?" என்று கேட்டார்.

எங்களுக்கு அது எளிதான கேள்வி. லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முசிறி என்றான் ஒருவன். துறையூர், மணப்பாறை, புதுக்கோட்டைப் பக்கம் என்று வரிசையாகச் சொன்னார்கள். சின்ன வகுப்பு உருப்படியாகப் பதில் சொன்ன பாடம் அது ஒன்றுதான். ராமாயி தன் ஊர்க் கோயில் குளத்தில் எத்தனை படி என்பதுவரை சொன்னாள்.

"நீ பாத்திருக்கிறியோ?"

"இல்லீங்க. ஆத்தாவும் பாக்கல. ஆனா இருக்கு."

என் முறை வந்தபோது வழக்கம்போல் எனக்கு வாய் திறக்கவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

அந்தக் காலத்தை இப்போது படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். தோட்டத்து ஆட்களுக்கு இங்கே பிரஜாவுரிமை இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. வேண்டுமானால் விண்ணப்பம் போட்டு, இங்கேதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். சப்பாத்துப் போட்டவர் யாராவது வந்து அப்பன் பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டால் லயமே நடுங்கும். இந்தியாவில் ஊர் இருக்கிறது என்று சொன்னவனைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று பேச்சு. பெரியவர்கள் பதில் சொல்வதற்கு முன் மூன்று முறை எச்சில் விழுங்கினார்கள். பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அன்று மாலை ராமாயி பீலியடியில் பெருமையாக, டிஸ்பென்சரி அம்மா எல்லார் ஊரையும் கேட்டார் என்று சொன்னாள். பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டார்கள். டிஸ்பென்சரி என்றால் ஆபீஸ். ஆபீஸ் என்றால் தோட்டத்துத் துரை. இவ்வளவு நாளும் அந்த அம்மா சம்பல் கேட்டதும் குச்சி கேட்டதும் எதற்கு என்று இப்போது எல்லாருக்கும் விளங்கிவிட்டது போல இருந்தது. சும்மா வந்து எவராவது கூலிப் பிள்ளைகளோடு பாயில் உட்காருவார்களா?

என் ஆத்தா என்னைத் தோளில் பிடித்து உலுக்கினாள். "நீ என்னடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"சத்தியமா?"

"வாயே வரல ஆத்தா."

ஆத்தா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என் கூச்சத்துக்காக எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஆள் இல்லை. தம்பியைப் பார், விறகு பொறுக்கு என்று ஆளாளுக்கு ஒரு காரணம். மாஸ்டரும் அந்த அம்மாவும் கங்காணி வீட்டுப் பையன்கள் இரண்டு மூன்று பேருமாக உட்கார்ந்திருந்தார்களாம். மாஸ்டர் விசாரித்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டார். அவருக்குப் பயம் வந்துவிட்டது. பெஞ்சு காலியாகக் கிடந்தால் துரை அந்தக் கட்டடத்தைத் திரும்ப உரத்துக்கு எடுத்துக்கொள்வார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். அதனால் அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார், கொஞ்ச நாளைக்கு வராமல் இருங்கள், இவர்கள் மறந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று. பின்னாளில், நான் பெரியவனாகித் தேயிலை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மாஸ்டரே என்னிடம் சொன்னது இது. அந்த அம்மா குடையை எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாராம்.

வெளியே போய் நில் என்றால் நிற்கிறவர்தான். ஆனால் கிளித்தட்டில் வெளியே போனவர் அடுத்த ஆட்டத்துக்கு உள்ளே வரலாம். இதில் அப்படி ஒரு சட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. ஞாயிறு வெயில் என்றால் லயத்து வாசலில் பேன் பார்க்கிற வெயில். பெண்கள் படியில் ஒருவர் பின்னால் ஒருவராக ரயில் பெட்டி மாதிரி உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் தலையைப் பார்ப்பார்கள். வாரத்துப் பேச்சு முழுவதும் அங்கேதான் பேசித் தீரும். அன்று பேச்சு எதைப் பற்றி என்று சொல்ல வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா தேயிலைக்கு நடுவிலுள்ள குறுக்குப் பாதையில் தனியாக இறங்கி வந்தார்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி பிள்ளையை இழுத்து ஒற்றையறைக் காம்பராவுக்குள் தள்ளினாள். அந்த அம்மா நேரே என் ஆத்தாவிடம் வந்தார். சம்பலால் ஆத்தாவைத் தெரிந்திருந்தார்.

"எனக்கு ஒரு உதவி செய்ய வேணும்" என்றார்.

ஆத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அவர் கொண்டையை அவிழ்த்தார். நீளமான முடி, முதுகு நிறைய விழுந்தது. "தலை முழுக்கப் பேன். ராவிலை நித்திரை இல்லை. உங்கடை பிள்ளையளிட்டை இருந்துதான் வந்தது. நீங்கதான் எடுத்து விட வேணும்."

ராமாயியின் தாய் பின்னால் நின்று மெதுவாக, "ஐயாவுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சால் ஒரு போத்தல் மருந்தைத் தலையிலை ஊத்துவார். பிறகு பள்ளிக்கூடப் பக்கம் தலைவைக்க விடார்."

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினாள். அதைக் கேட்டு இன்னொருத்தி. ஆத்தா ஒரு சாக்கை எடுத்துக் கீழ்ப்படியில் விரித்தாள். அந்த அம்மா உட்கார்ந்தார். ஆத்தா மேல்படியில் உட்கார்ந்தாள், ஆனால் கையை முடிக்கு மேலே வைத்துக்கொண்டே இருந்தாள், தொடவில்லை. உத்தியோகத்தர் வீட்டுத் தலை. அந்த அம்மாவே பின்னால் சாய்ந்து தலையை அவள் முழங்காலில் வைத்துவிட்டார்.

ஆத்தா பார்க்கத் தொடங்கினாள். ஒன்றை எடுத்து நகத்தில் வைத்துக் குத்தினாள். ராமாயியின் தாய் எட்டிப் பார்த்து, "இது எங்க வூட்டுதுதான். சாடையிலேயே தெரியுது" என்றாள். அப்போது எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்த அம்மாவும் தலையை ஆட்டாமல் சிரித்தார்.

பேன் பார்க்கிறவளுக்கும் பார்க்கக் கொடுக்கிறவளுக்கும் நடுவில் ஒரு வசதி உண்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆத்தா சீப்பை வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, பிள்ளைங்களோட ஊரை எதுக்குக் கேட்டீங்க?"

பேச்சு நின்றது.

"மழை பெய்தால் எனக்கு என்ரை ஊர் ஞாபகம் வரும். ஆரிட்டைச் சொல்லுறது? அவருக்கு அலுப்பு. அதாலைதான் கேட்டன். ஆரின்ரை ஊர் எண்டாலும் பரவாயில்லை, ஒரு ஊரைப் பற்றிக் கேட்டால் நல்லாயிருக்கும் எண்டு."

"எழுதி ஆபீசுல குடுத்தீங்களா?"

"அம்மாளாணை ஒருத்தற்றை பேரையும் நான் எழுதேல்லை."

ஆத்தா முடியைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "இதுங்க எல்லாம் இந்தக் காம்பராவுலதாங்க பொறந்துச்சு. நான் பொறந்ததும் இதே லயத்துலதான். ஆனா ஊரு எதுன்னா முசிறிங்குறோம். எங்க அப்பன் சொல்லிக் குடுத்தாரு, நாங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தோம். தப்புன்னு தெரியலீங்க."

"தப்பில்லை."

"ஆனா, கேக்குறவங்க எல்லாம் உங்களாட்டம் இருக்க மாட்டாங்க. வேற யாராச்சும் வந்து கேட்டா பிள்ளைங்க என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிக் குடுத்துருங்க. நாளைக்கு அனுப்புறோம்."

என் ஆத்தா உத்தியோகத்தர் வீட்டாரிடம் வாய்திறந்து ஒன்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன். கேட்டுவிட்டு, தலையைத் தட்டி, "அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மா எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையோடு வந்து, பாயில் உட்காராமல் நடுவில் நின்றார். "உன்ரை ஊர் எது?" என்று முதல் பிள்ளையைக் கேட்டார்.

அவன் முசிறி என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீ பிறந்தது எங்கை?"

"மேப்பிரிவுலங்க. மூணாம் லயம்."

"அதுதான் உன்ரை ஊர். சொல்லு."

சொன்னான். ஒவ்வொருவராகச் சொன்னோம். மேப்பிரிவு, கீழ்ப்பிரிவு, ஆத்து லயம், ஸ்டோர் லயம். முன்பு சொன்ன ஊர்களைப் போல அழகாக இல்லை. ராமாயிக்கு இது பிடிக்கவில்லை.

"அப்ப அந்தக் குளத்துப் படியெல்லாம் யாரோடதுங்க?"

"அது உன்ரை பாட்டன்ரை ஊர். அதையும் வைச்சிரு. ஆர் கேட்டாலும் முதல் இதைச் சொல்லு."

என் முறை வந்தபோது மெதுவாகத்தான் சொன்னேன். அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எல்லாரும் சொல்லி முடிந்தது. அவர் பாயில் உட்காரப் போனார். ராமாயி விடவில்லை. எழுந்து நின்று, "எல்லாத்தையும் கேட்டீங்களே, உங்க ஊரு எதுங்க?" என்றாள்.

அந்தக் கட்டடத்துக்குள் வேறு இடத்தில் பிறந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் மாஸ்டர். அவர் கரும்பலகைத் துணியோடு அப்படியே நின்றார். மற்றவர் அந்த அம்மா. அவர் நிமிர்ந்தார். நாங்கள் பதில் சொல்லும்போது நிற்பது போலக் கைகட்டிக்கொண்டார். எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"இந்தத் தோட்டந்தாங்க" என்றார்.